டிக்ளேர் போடாமல் விட்ட பேக்கப்

நான் பிஹெச்பி மொழியில் புரோகிராம் எழுதிப் பழகியவன். அதில் அர்ரேயை (பல மதிப்புகளை ஒரே பெயரில் வைக்கும் பட்டியல்) முன்கூட்டி அறிவிக்கிற வழக்கமே கிடையாது. மதுரை, கோவை, சேலம் என்று மூன்று கிளைகள். எந்தக் கிளையின் பேக்கப் எந்த ஃபோல்டருக்குப் போகணும் என்று பேஷ் (கமாண்ட்களை ஓட்டும் ஷெல்) ஸ்கிரிப்ட்டில் ஓர் அர்ரே வைத்தேன், ஒவ்வொரு மதிப்பையும் தேடி எடுக்கும் கீ ஊர்ப் பெயர்தான். மேலே 'டிக்ளேர் -ஏ' போடவில்லை. ஓடியது, ஒரு எரர்கூட வரவில்லை. போதாக்குறைக்கு, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க்கில் '--டெலீட்' வேறு; மூலத்தில் இல்லாததை நகலிலிருந்து அழித்துவிடும்.

பத்து நாள் கழித்து மதுரையில் ஒரு ஃபைல் கேட்டார்கள். மதுரை ஃபோல்டரே உருவாகியிருக்கவில்லை, கோவையும் இல்லை. சேலம் ஃபோல்டரில் சேலம் மட்டும். கீக்களை எக்கோ செய்து பார்த்தேன். மூன்று ஊர் வரவேண்டிய இடத்தில் ஒற்றை 0!

அறிவிக்காவிட்டால் பேஷுக்கு அது சாதாரண அர்ரே. அடைப்புக்குள் இருப்பதைக் கணக்காகப் பார்க்கும். மதுரை என்று ஒரு வேரியபிள் இல்லை, அதனால் 0. கோவையும் 0, சேலமும் 0. கடைசியாக எழுதிய சேலம்தான் நின்றது. அதனால் மூன்று பேக்கப்பும் சேலம் ஃபோல்டருக்கே போய், முந்தையதை '--டெலீட்' அழித்தது. ஸ்மால் ஏ போட்டாலும் இதே கதிதான், கேப்பிடல் ஏ வேண்டும்.

—

சார், நான் கேப்பிடல் ஏ போட்டும் மாட்டினேன். லினக்ஸ் சர்வரில் ஓடியது மேக்கில் 'இன்வேலிட் ஆப்ஷன்' என்றது. பெயரையே கீயாக வைக்கும் அசோசியேட்டிவ் அர்ரே 2009-இல் வந்த பேஷ் 4.0-இல்தான் சேர்ந்தது. ஜிபிஎல் 3 என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமம் காரணமாக ஆப்பிள் 3.2-ஐத் தாண்டவில்லை. 2019-இல் மேக்கின் கேட்டலினா வெர்ஷனில் இஸட்-ஷெல்லுக்கு மாறினாலும் '/பின்' (bin) ஃபோல்டரில் கிடப்பது அதே பழைய பேஷ். எரர் சொல்லிவிட்டு ஸ்கிரிப்ட் நிற்காமல் ஓடுகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். என் கீ 'வெப்-1'. 0-இல் 1 போக மைனஸ் 1 என்று கணக்குப் போட்டு 'பேட் அர்ரே சப்ஸ்கிரிப்ட்' என்று கத்தியது. ஹைஃபன் தயவில் தப்பித்தேன். ஹோம்ப்ரூ என்ற இன்ஸ்டால் கருவியில் புது பேஷ் போட்டு, அதுவே ஓடும்படி ஸ்கிரிப்ட்டின் முதல் வரியை 'என்வ் பேஷ்' என்று மாற்றினேன்.

—

என்னுடையது சின்ன விஷயம். ஃபங்ஷனுக்குள் அறிவித்தேன், வெளியே வந்தால் காலி. உள்ளே 'டிக்ளேர்' போட்டால் அது லோக்கல். '-ஜி' சேர்க்கணும், அது 4.2-இலிருந்து உண்டு. அரை நாள் போச்சு. இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் முதலில் 'டிக்ளேர் -பி' அடித்து அர்ரேயின் வயிற்றைப் பார்த்துவிடுகிறேன்.