டயாலிசிஸ் மட்டும் போகவில்லை, லேபும் போய்விட்டது

அப்பாவுக்கு வாரத்தில் 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். ஆறு வருடமாக வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போய்விடுகிற மருத்துவமனையில்தான் செய்துவந்தோம். அப்புறம் ஒருநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த மருத்துவமனையையும் தூரத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனையையும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு வளாகங்களாக்குகிறார்களாம். வார்டுகள், அறுவை சிகிச்சை, டயாலிசிஸ் எல்லாம் பெரிய வளாகத்துக்கு. ஓபி மட்டும் இங்கேயே. சரி, பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாகும், சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

போகிற நேரத்தை மட்டும்தான் கணக்குப் போட்டிருக்கிறோம் என்பது திரும்பி வரும்போதுதான் புரிந்தது. டயாலிசிஸில் உடம்பிலிருந்து இரண்டு இரண்டரை லிட்டர் நீரை எடுத்த பிறகு அப்பாவுக்கு பிரஷர் இறங்கிவிடும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். முன்பு வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவார். இப்போது முக்கால் மணி நேரம் காரில் உட்கார்ந்தே வர வேண்டும். பின்சீட்டில் கால் நீட்ட இடம் செய்து கொடுத்தோம். அந்தப் பிரிவில் சொன்னதும், எழுந்தவுடன் அனுப்பாமல் அரை மணி நேரம் படுக்க வைத்து, பிரஷர் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். கேட்ட பிறகுதான் செய்தார்கள், ஆனால் முகம் சுளிக்காமல் செய்தார்கள்.

எங்களை உலுக்கியது வேறு விஷயம். மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்குப் பழைய இடத்திலேயே ரத்தம் கொடுத்தோம், பக்கத்தில் இருக்கிறதே என்று. அன்று இரவு போன்: "பொட்டாசியம் 6.9, உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்." அந்த அளவில் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம் என்று டயாலிசிஸ் குடும்பங்களுக்குத் தெரியும். நான் எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. ஈசிஜி நார்மல். மறுபடி எடுத்த ரத்தத்தில் 4.8.

டியூட்டி டாக்டர் பொறுமையாக விளக்கினார். எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்திருந்தால் செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும், குளிரில் வைத்தால் இன்னும் கூடும். பழைய வளாகத்தின் லேபை மூடிவிட்டார்கள். காலையில் கொடுத்த சாம்பிள் மாலை வேனில்தான் பெரிய வளாகத்துக்குப் போயிருக்கிறது. நோட்டீஸில் லேபைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்போது டயாலிசிஸ் தொடங்கும் முன் அங்கேயே ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டோம். அதன் பிறகு இந்தப் பிரச்சினை வரவில்லை.

* * *

வளாகங்களை இணைத்ததில் எங்கள் குடும்பத்துக்கும் இப்படி ஒன்று நடந்தது, அவசரப் பிரிவில். என் கணவருக்கு அதிகாலையில் நெஞ்சு வலி. பழக்கத்தில் பக்கத்து மருத்துவமனைக்கே காரில் கூட்டிப்போனேன். போர்டு மாறியிருந்தது: சிறு காயங்கள், சிறு நோய்கள் மட்டும். நர்ஸ் உடனே ஈசிஜி எடுத்தார், மாரடைப்பு என்று தெரிந்தது. இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடம் அடுத்த வளாகத்தில். ஈசிஜியில் தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பை நீக்க வேண்டும் என்பார்கள். ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்ததில் மட்டும் 35 நிமிடம் போனது.

ஒரே இடத்தில் குவிப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். 2010இல் லண்டனில், சுமார் 30 மருத்துவமனைகள் பார்த்துவந்த பக்கவாதத்தின் ஆரம்பகட்டச் சிகிச்சையை 8 மையங்களுக்குக் கொண்டுவந்தார்கள், இறப்பு குறைந்தது. ஆனால் அங்கே ஆம்புலன்ஸே நோயாளியை நேராக அந்த மையத்துக்குக் கொண்டுபோய்விடும், எங்கே போவது என்று குடும்பம் யோசிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கோ போர்டு மாறிய செய்திகூட வந்து சேரவில்லை.

வழியில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வருத்தத்தோடு கேட்டார்: "வீட்டிலிருந்தே எங்களைக் கூப்பிட்டிருந்தா நேரா அங்கேயே கொண்டு போயிருப்போமேம்மா?" கணவர் இப்போது நன்றாக இருக்கிறார். தெருவில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் நானே போய், எதற்கு எந்த வளாகம் என்று தாளில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏழு வீடு முடிந்தது.