காசிமேட்டில் வீட்டுச் சுவரில் ஓவியம் வரைந்தால் நிற்குமா?

உப்புக்காத்து:
வீடு காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். தெருவைப் பார்த்த பக்கச் சுவரில் ஜன்னல் கிடையாது, அதனால் ஏரியாவில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அங்கேதான், தேர்தல் நெருங்கினால் கட்சிக்காரர்கள் வெள்ளையடித்து மூலையில் பெயரும் வருஷமும் போட்டு இடம் பிடித்துவிடுகிறார்கள். மூன்று மதச் சாமி டைல்ஸும் பதித்துப் பார்த்தோம். ஒண்ணுக்குப் போவது நின்றது, பசை வாளி நிற்கவில்லை. 2020ல் கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் வரைந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை. அப்பா கட்டுமரத்தில் போனவர், அந்த மாதிரி ஒரு படம் வேண்டும். படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒருவர், மீதி பெயிண்டிலேயே முடித்துத் தருகிறேன் என்கிறார். சரிவருமா? யாரிடமாவது அனுமதி வாங்கணுமா?

பட்டி_பிரைமர்:
படகு பெயிண்ட் வேண்டவே வேண்டாம். அது எனாமல், அதாவது எண்ணெய் பெயிண்ட், மரத்துக்குச் சரி. பழைய சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்தக் காரமே எண்ணெய் பெயிண்டைத் தின்றுவிடும், உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே வர வழியில்லாமல் வெயிலில் காய்ந்த முதுகு மாதிரி உரியும். வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன்தான் சரி. அதற்கு முன்னால் சுவரில் உப்பு பூத்திருக்கிறதா பாருங்கள். பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் (பெரும்பாலும் மாடிக் குழாய்தான்) எந்த கம்பெனி பிரைமர் அடித்தாலும் வீண். புதுசாக சிமெண்ட் பூசினால் 28 நாளாவது விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள், தை, மாசி நல்லது. பளிச்சென்ற ரோஸும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும், காவி, செங்கல் சிவப்பு மாதிரி இரும்பு ஆக்சைடு கலர் நிற்கும்.

வியாசை_லெஃப்ட்விங்:
பெயிண்ட் கதையை அண்ணன் சொல்லிவிட்டார், உங்கள் பிரச்சினை பெயிண்டே இல்லை. உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தராமல் சுவரில் விளம்பரம் எழுதுவதும் ஒட்டுவதும் குற்றம், 1959லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் போஸ்டருக்காக ஸ்டேஷன் படி ஏறுகிறவர் யார்? வேலை ஆரம்பிக்கும் முன்னால் எல்லாக் கட்சி வட்டச் செயலாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஒருத்தரை விட்டாலும் அவர் ஆள்தான் முதலில் ஒட்டுவான். எங்கள் பக்கம் அம்பேத்கர் படம் உள்ள சுவரில் எவனும் கை வைக்க மாட்டான், ஃபுட்பால் படத்தையும் பசங்களே பார்த்துக்கொள்வார்கள். தெருவுக்குச் சொந்தமான படம் என்றால் தெரு காவல் காக்கும். அப்பா முகத்தை மட்டும் வரையாமல் கட்டுமரம், வலை, அவரோடு கடலுக்குப் போனவர்கள் என்று வரையுங்கள். தனி முகம் என்றால் அதையும் அஞ்சலி போஸ்டர் என்று நினைத்துப் பக்கத்தில் இன்னொன்று ஒட்டுவார்கள்.

கட்அவுட்_காலம்:
வரைய ஆள் தேடி அலைய வேண்டாம் சார். ஃப்ளெக்ஸ் வந்ததும் பிழைப்பு போன பேனர் ஆர்ட்டிஸ்டுகள் வடசென்னையில் இன்னும் இருக்கிறார்கள், ஒரு சின்ன போட்டோவில் கட்டம் போட்டு இருபது அடிக்குப் பெரிசாக்குவது அவர்களுக்கு விளையாட்டு. மாணவர்கள் வேண்டுமென்றால் பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, 1850ல் ஆரம்பித்தது. என் ஓட்டு பேனர்காரருக்குத்தான், தூரத்திலிருந்து பார்த்தால் முகம் எப்படித் தெரியும் என்பது அவர் கைக்குத் தெரியும். கூலியைக் குறைக்காதீர்கள், சாரம் கட்டுகிற செலவையும் தனியாகக் கொடுங்கள்.

உப்புக்காத்து:
ரொம்ப நன்றி. சுவர் மேற்குப் பார்த்தது, குழாய் கசிவும் இருக்கிறது, முதலில் அதைப் பார்க்கிறேன். படத்தைத் தரையிலிருந்தே தொடங்கலாமா?

பட்டி_பிரைமர்:
கீழே மூன்றடிக்குப் படமே வேண்டாம், கருநீலம் அடித்து விட்டுவிடுங்கள். மழைத்தண்ணி தெறிக்கும், பைக் சாய்த்து வைப்பார்கள், நாய் வேறு.