உதவி தேவை: கால் இழந்த முன்னாள் படைவீரரின் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் – பதிவு, சாலை வரி, காப்பீடு

டெஸ்பாட்ச் ரைடர் (குடியாத்தம்)

அனைவருக்கும் வணக்கம். ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் டெஸ்பாட்ச் ரைடராக இருந்தவன் நான். பனியோ மழையோ, தபால் பையோடு புல்லட்டில் போவதுதான் என் வேலை. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புணேயில் உள்ள செயற்கை உறுப்பு மையத்தில் கால் பொருத்தினார்கள். நடக்கிறேன், மாடிப்படி ஏறுகிறேன். ஆனால் கியர் மாற்றுகிற கால் இல்லாமல் புல்லட் ஓட்ட முடியாதல்லவா? அதனால் கியர் இல்லாத 125 சிசி ஸ்கூட்டர் வாங்கி இணைப்புச் சக்கரம் (சைடு வீல்) பொருத்திக்கொள்ள முடிவு செய்து, முன்பணமும் கட்டிவிட்டேன்.

ஷோரூமில் கொடுத்த விலைப்பட்டியல் இது. வண்டி 92,000 ரூபாய், சாலை வரி 9,200, பதிவுக் கட்டணம் 300, ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 3,851, சொந்தச் சேதக் காப்பீடு ஓராண்டுக்கு 1,460, அதற்கு மேல் விபத்துக் காப்பு, ஜி.எஸ்.டி. நான் ஊனமுற்ற முன்னாள் படைவீரன், சலுகை ஏதும் உண்டா என்று கேட்டேன். "முதலில் சாதாரண வண்டியாகப் பதிவு செய்துவிடலாம், சைடு வீலை அப்புறம் வெளியில் மாட்டிக்கொள்ளுங்கள், அதுதான் சுலபம்" என்கிறார்கள்.

இது சரியா? வரி விலக்குக்கு என் ஓய்வூதிய ஆணையைக் காட்டினால் போதுமா? காப்பீட்டில் ஏதாவது குறையுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வரும் திங்கட்கிழமை பதிவுக்கு அனுப்பப் போகிறார்களாம்.

மூன்று சக்கரம் (நாமக்கல்)

அண்ணா, இன்றே ஷோரூமுக்குப் போய்ப் பதிவை நிறுத்தி வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

எனக்குச் சிறுவயதில் இளம்பிள்ளை வாதம். பதினெட்டு ஆண்டுகளாக இணைப்புச் சக்கர வண்டிதான் ஓட்டுகிறேன், இது மூன்றாவது வண்டி. முதல் வண்டியில் எனக்கும் இதே அறிவுரையைத்தான் சொன்னார்கள். கேட்டேன், ஆயுட்கால வரி முழுவதையும் இழந்தேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் நம் வண்டிக்குத் தனி வகையே இருக்கிறது. முன்பு அதை ஊனமுற்றோர் வாகனம் என்றார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்கிறார்கள். உடல் குறைபாடு உள்ளவருக்காக வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த, அவருக்காக மட்டுமே பயன்படுகிற வண்டி என்பது அதன் பொருள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இந்த வகை ஏறினால் பதிவுக் கட்டணம் 300 இல்லை, 50 ரூபாய்தான். தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் அதை வைத்துத்தான். 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வண்டிக்கு வரி 10 சதவீதம். உங்கள் 9,200 அதுதான். அதைக் கட்டவே வேண்டியதில்லை.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் சக்கரம், பிறகு பதிவு. அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரின் சக்கரமாகப் பார்த்து வாங்குங்கள். அதன் அங்கீகாரச் சான்றும் பில்லும் கையில் இருக்க வேண்டும். பட்டறையில் பற்றவைத்து மாட்டிய சக்கரத்தை மோட்டார் வாகன ஆய்வாளர் ஏற்க மாட்டார். அது பாதுகாப்பும் இல்லை, வளைவில் உடைந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 2020 அக்டோபர் முதல் பதிவு விண்ணப்பத்தில் உரிமையாளர் வகை என்ற இடத்தில் மாற்றுத்திறனாளி என்று குறிக்க வழி இருக்கிறது. ஜி.எஸ்.டி. சலுகையோடு, சலுகை இல்லாமல் என்று அதில் இரண்டு பிரிவு. கணினியில் நிரப்புவது ஷோரூம் ஊழியர் என்பதால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். வண்டி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ வேண்டாம்.

சுபேதார், ஓய்வு (திருவண்ணாமலை)

தம்பி, ஓய்வூதிய ஆணையைப் பற்றி நான் சொல்கிறேன். அதில் நான் பட்டிருக்கிறேன்.

எனக்கு வலது முன்பாதம் போயிற்று. ராணுவ மருத்துவக் குழு 30 சதவீதம் என்று எழுதியது. ஓய்வூதியம் கணக்கிடும்போது நமக்கு ஒரு படிநிலை உண்டு. 50க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை என்றால் 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்தித் தருவார்கள். அதனால் என் ஆணையில் 50 என்று இருந்தது. அதை நம்பிப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் கேட்டது அரசு மருத்துவக் குழுவின் சான்று, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. அங்கே பழைய கணக்கே வந்தது: முன்பாதத்துக்கு 30. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சலுகைகளுக்கான வரம்பு 40. நாட்டுக்காகப் போன பாதத்துக்கு ஒரே அரசின் இரண்டு காகிதங்களில் இரண்டு எண்கள். அன்று வெளியே வந்து மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு அந்தச் சிக்கல் வராது. முழங்காலுக்குக் கீழே என்றால் எந்த இடத்தில் துண்டித்திருந்தாலும் 40ஐத் தாண்டிவிடும். ஆனால் அட்டை இல்லாமல் போகாதீர்கள். ஓய்வூதிய ஆணை ஓய்வூதியத்துக்கு மட்டும்தான். போக்குவரத்து அலுவலகத்தில் வரி விலக்கு கிடைப்பது ஊனத்துக்கு, படைப்பணிக்கு அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் வீண் வாக்குவாதம் இருக்காது.

படைப்பணிக்கான பலன் கேன்டீனில், அதாவது படையினருக்கான சலுகை விலை அங்காடியில் இருக்கிறது. வண்டியைக் கேன்டீன் வழியாக வாங்கினால் ஜி.எஸ்.டி.யில் பாதிச் சலுகை. முன்பணம் கட்டிய ஷோரூமே கேன்டீன் விற்பனையும் செய்கிறதா என்று கேளுங்கள்.

டெஸ்பாட்ச் ரைடர்

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. பதிவை நிறுத்திவிட்டேன். ஷோரூம் மேலாளருக்கு வருத்தம்தான், ஆனால் ஒப்புக்கொண்டார். அடையாள அட்டை என்னிடம் இருக்கிறது, 60 சதவீதம். கேன்டீன் சலுகைக்கு முன்பணத்தை ரத்து செய்து புதிதாகத் தொடங்க வேண்டுமாம். அதையும் செய்கிறேன். காப்பீடு பற்றி யாரும் சொல்லவில்லையே?

காப்பீட்டு முகவர் (சேலம்)

காப்பீட்டில் மூன்று பகுதிகள். மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் குழப்பம்.

மூன்றாம் நபர் காப்பீட்டின் தொகையை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை ஓராண்டுக்கு 714, புதிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு 3,851. 2022 ஜூன் முதல் இந்த விகிதம். இதில் மின்வாகனத்துக்குக் கழிவு உண்டு, ஊனத்துக்கு இல்லை. எந்த நிறுவனத்திடம் கேட்டாலும் ஒரு ரூபாய் குறையாது. அதைக் கேட்டு அலையாதீர்கள்.

சொந்தச் சேதக் காப்பீட்டில்தான் உங்கள் உரிமை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த வண்டிக்கு அந்தத் தொகையில் 50 சதவீதக் கழிவு. மோட்டார் காப்பீட்டு விதிகளில் ஐ.எம்.டி. 12 என்ற மேற்குறிப்பு (பாலிசியில் சேர்க்கும் கூடுதல் குறிப்பு) அது. நிபந்தனை ஒன்றுதான்: ஆர்.சி.யில் அந்த வகை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் 1,460 ரூபாய் 730 ஆகும். தொகை சிறியதுதான், ஆனால் ஆண்டுதோறும் வரும்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. காப்பீடு இல்லாமல் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் ஆர்.சி. இல்லை. ஆர்.சி. இல்லாமல் கழிவு இல்லை. இதைச் சொல்லியே பல கிளைகளில் கைவிரித்துவிடுவார்கள். வழி இது: முன்மொழிவுப் படிவத்திலேயே இணைப்புச் சக்கரம் இருப்பதை எழுதுங்கள், அதன் பில்லைக் கொடுத்து அதன் விலையையும் வண்டி மதிப்போடு சேர்க்கச் சொல்லுங்கள். முதலில் முழுத் தொகையைக் கட்டுங்கள். ஆர்.சி. வந்த மறுநாளே ஐ.எம்.டி. 12ஐ ஏற்றச் சொல்லி எழுத்தில் விண்ணப்பியுங்கள். மீதிக் காலத்துக்கான கழிவைத் திருப்பிக் கேளுங்கள்.

சக்கரத்தை மறைத்து மட்டும் காப்பீடு எடுக்காதீர்கள். விபத்துக்குப் பிறகு அதைக் காரணம் காட்டிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு. அது செல்ல, ஓட்டுகிற வண்டிக்கு உரிய உரிமம் வேண்டும். உங்களிடம் இருப்பது கியர் வண்டி உரிமம் என்று நினைக்கிறேன். மாற்றியமைக்கப்பட்ட வாகனம் உரிமத்தில் தனி வகை. மருத்துவச் சான்றோடு பழகுநர் உரிமம் எடுத்து, 30 நாள் கழித்து உங்கள் வண்டியிலேயே ஓட்டிக் காட்டி அதைச் சேர்த்துவிடுங்கள்.

விமானப்படை வீட்டம்மா (தாம்பரம்)

இந்த இழையைப் படிப்பவர்களுக்காக ஒரு தகவல். என் கணவர் ஓய்வுக்குப் பிறகு சாலை விபத்தில் ஊனமானவர். பணியில் இருந்தபோது காயம்பட்டவர்களுக்குக் கிடைக்கும் உதவி இவரைப் போன்றவர்களுக்குக் கிடையாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஓய்வுக்குப் பின் 50 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் அடைந்த முன்னாள் படைவீரர்களுக்கு, மாற்றியமைத்த ஸ்கூட்டர் வாங்க மத்திய முப்படை வீரர் வாரியத்தில் நிதியுதவித் திட்டம் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பணம் கட்டி வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

டெஸ்பாட்ச் ரைடர் (பத்து வாரம் கழித்து)

வேலை முடிந்தது, அதனால் எழுதுகிறேன். கேன்டீன் வழியாக வண்டி, ஷோரூமிலேயே வைத்துச் சக்கரம், அதன்பின் பதிவு. சாலை வரி இல்லை. பதிவுக் கட்டணம் 50. ஆய்வாளர் சக்கரத்தின் அங்கீகாரச் சான்றையும் அடையாள அட்டையையும் பார்த்தார், ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். முதல் முறை கணினியில் உரிமையாளர் வகையைத் தனிநபர் என்றே நிரப்பியிருந்தார்கள். பக்கத்தில் நின்றதால் பிடித்தேன். தம்பி, அந்த ஒரு அறிவுரைக்காகவே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

காப்பீட்டுக் கிளையில் ஐ.எம்.டி. 12 என்றதும் அப்படி ஒன்று இல்லை என்றார்கள். எழுத்தில் மறுப்புத் தாருங்கள் என்று கேட்டேன். நான்கு நாளில் மேற்குறிப்பு ஏறியது, 640 ரூபாய் சொச்சம் வங்கிக் கணக்கில் வந்தது. உரிமத்தில் புதிய வகையும் சேர்ந்துவிட்டது. நேற்று பேரணாம்பட்டு வரை போய்வந்தேன். காற்று முகத்தில் அடித்து எத்தனை காலமாயிற்று!

பழைய புல்லட் (ஆம்பூர்)

வாழ்த்துகள் அண்ணா. நானும் முன்னாள் படைவீரன், வலது கால் பலவீனம். 2016இல் பதிவான 350 புல்லட்டுக்குப் போன ஆண்டு இணைப்புச் சக்கரம் மாட்டினேன். யாருக்கும் தெரிவிக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

மூன்று சக்கரம்

2019 திருத்தத்தில் சட்டத்தின் 52ஆவது பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே மாறியது. சொந்த வண்டியை மாற்றியமைத்துவிட்டு, பதிவு அதிகாரியின் அனுமதியைப் பிறகு பெறலாம். சக்கரத்தின் பில், அங்கீகாரச் சான்று, அடையாள அட்டை, ஆர்.சி. எல்லாவற்றோடும் உடனே விண்ணப்பியுங்கள். அதே வாரத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். அன்று கட்டிய வரியைத் திருப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

டெஸ்பாட்ச் ரைடர்

ஆம்பூர் எனக்குப் பக்கம்தான். போகிற நாளைச் சொல்லுங்கள், என் ஆர்.சி. நகலோடு நானும் வருகிறேன். ஆய்வாளரிடம் மாதிரியாகக் காட்டலாம்.