மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் படிநிலை இரண்டின் (நான்காம் முதல் ஆறாம் ஆண்டு வரை) வகுப்பு விதிகள்: உங்கள் பிள்ளைக்கு நேர்ந்தது என்ன?

நான்காம் ஆண்டு மாணவனின் தாய், சுங்கை சிப்புட்

பள்ளி தொடங்கிய முதல் வாரத்திலேயே வகுப்பு விதிகள் அச்சிட்ட தாள் வீட்டுக்கு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும் என்பதால் முழுவதையும் இங்கே எடுத்தெழுதவில்லை. வீட்டுப்பாடக் குறிப்பேட்டில் நாள்தோறும் பெற்றோர் கையொப்பமிட வேண்டும் என்ற ஒரு விதியைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும்.

நானும் கணவரும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறோம். இரவு ஷிப்டு வரும் வாரங்களில் மகன் பள்ளிக்குப் புறப்பட்ட பிறகுதான் வீடு திரும்புவோம். அவனைப் பார்த்துக்கொள்பவர் என் மாமனார். இளமை முதல் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர், பள்ளிக்கூடம் போகாதவர். அப்படிப்பட்ட ஓர் இரவில் அவர் பேரனை உட்காரவைத்து, தமிழ்ப் பத்தியை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கணக்கை எப்படிச் செய்தான் என்று விளக்கச் சொல்லி, எல்லாம் முடிந்ததும் தோட்டத்தில் சம்பளம் வாங்கும்போது வைப்பதைப் போலவே குறிப்பேட்டில் கைநாட்டு வைத்திருக்கிறார். மறுநாள் அதன் பக்கத்தில், "இது கையொப்பம் அன்று. பெற்றோர் கையொப்பம் தேவை" என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. மகனுக்கு ஓய்வு நேரத்தில் வெளியே போக அனுமதி இல்லை.

நான் வீட்டில் இருந்த மாலை அது. மாமனார் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, "வாத்தியார் என்னய்யா எழுதியிருக்கார்?" என்று பேரனிடம் கேட்டார். அவன் என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு, "நல்லா செஞ்சிருக்கேன்னு எழுதியிருக்காங்க தாத்தா" என்று படித்துக் காட்டினான்.

வகுப்பாசிரியை, பேராக்

சகோதரி, அந்தச் சிவப்பு மையை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் கையொப்ப விதியே வீண் என்று எவரும் இதைப் படித்துவிட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. நான்காம் ஆண்டில் வரலாறு, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஆகிய பாடங்கள் புதிதாகச் சேர்கின்றன, ஆசிரியர்களும் பெருகுகிறார்கள், எந்தப் பாடத்தில் என்ன வேலை கொடுக்கப்பட்டது என்பது பிள்ளைக்கே குழம்பிப்போகிறது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டின் எடை கூடிவிட்டது. ஒரு பிள்ளைக்கு ஆறு அடைவுநிலைகளில் எதைக் கொடுத்தேன் என்று யாரேனும் கேட்டால் நான் காட்டவேண்டியது அவனுடைய பயிற்சிப் புத்தகத்தைத்தான். வீட்டில் ஒருவர் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறார் என்பதற்கு எனக்குக் கிடைக்கும் ஒரே அடையாளம் அந்தக் கையொப்பம்.

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டில் அம்மாவின் கையொப்பம் ஒரு நாளும் தவறியதில்லை. மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகவே அதைக் காட்டியிருக்கிறேன். தர அறிக்கை வழங்கும் நாளில் அந்த அம்மா வந்து என் முன்னால் கையெழுத்துப் போட்டார். முற்றிலும் வேறு எழுத்து. அவர் பேனாவை மூடிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற பிள்ளை மேலே சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போகும்வரை நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் உள்ள எந்தப் பெரியவரும் கையொப்பமிடலாம், கைநாட்டும் வைக்கலாம், உறவுமுறையை மட்டும் பிள்ளை பக்கத்தில் எழுத வேண்டும் என்று என் வகுப்பு விதியை மாற்றிவிட்டேன். விதியை அடியோடு எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன்.

பள்ளி வேன் ஓட்டுநர்

டீச்சர் சொல்வது புத்தகத்துக்குப் பொருந்தலாம். வாயிற்கதவுக்கு யார் மாற்றுவழி சொல்வார்கள்? ஏழரைக்குப் பிறகு வந்தால் பெயர் பதிவேட்டில் ஏறும். பல முறை ஏறினால் பெற்றோரை அழைப்பார்கள். பள்ளி இன்னும் தோட்டத்துக்குள் இருக்கிறது, பிள்ளைகளோ அங்கே இல்லை. லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியாகி, செம்பனை (எண்ணெய்ப் பனை) வேலைக்கு வெளிநாட்டார் வந்து, நம் குடும்பங்கள் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிபெயர்ந்துவிட்டதால், விடிவதற்கு முன்பே நான் வீடு வீடாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தச் செம்மண் சாலையில் திரும்ப வேண்டியிருக்கிறது.

மழை பெய்த ஒரு காலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் சேற்றில் புதைந்து நின்றது. பள்ளிக் கூரை கண்ணுக்குத் தெரிகிறது, வேன் நகரவில்லை. ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன், நான் தடுப்பதற்குள் கதவைத் திறந்து, காலணியையும் காலுறையையும் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் ஓடிக் கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைந்துவிட்டான். வாயிலில் நின்ற மாணவத் தலைவர் தாமதத்துக்காக அவன் பெயரை எழுதவில்லை. காலெல்லாம் சேறாக இருந்ததால் தூய்மை விதியை மீறியதாக எழுதிக்கொண்டார். பின்னால் வந்த நாங்கள் எல்லாரும் தாமதப் பட்டியலில்.

பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

என் காலத்தில் ஒரு தந்தை விதித்தாளை நான்காகக் கிழித்து என் மேசைமீது வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் போனார். எந்த விதி அவரைப் புண்படுத்தியது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

இனிப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். விதித்தாளில் இருப்பவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில சட்டத்திலிருந்தும் அமைச்சின் சுற்றறிக்கையிலிருந்தும் வருகின்றன, சில பள்ளி முடிவு செய்தவை, மற்றவை வகுப்பாசிரியரின் வசதிக்கானவை. மூன்றாவது வகையைப் பேசி மாற்றலாம். முதல் வகைக்காக ஆசிரியரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. மாணவர் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது பள்ளியின் பிடிவாதம் அன்று. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாகிவிட்டதால், பிள்ளை காரணமின்றித் தொடர்ந்து வராதபோது எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவதும் ஆசிரியரின் வஞ்சம் அன்று; உறவினர் திருமணத்துக்குப் போவதானாலும் அன்று காலையே செய்தி அனுப்பிவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது என்று 1959ஆம் ஆண்டின் மாணவர் ஒழுங்கு விதிகளே சொல்லிவிட்டன. ஆண் பிள்ளைகளையும் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் வழங்கியவரோ தவிர வேறு ஆசிரியர் பிரம்பால் அடிக்கக் கூடாது. "அடி விழும்" என்று ஒரு வகுப்பு விதித்தாள் எழுதினால் அந்தத் தாளே விதிமீறல்தான். இதைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசாமல், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆறாம் ஆண்டுப் பெற்றோருக்குத் தனியாக ஒன்று: தேர்வு போய்விட்டது, இனி ஒழுங்கு எதற்கு என்ற பேச்சைப் பிள்ளையின் காதில் போடாதீர்கள். இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களுக்கு மலாய்மொழியில் குறிப்பெழுத வேண்டும். பையை அடுக்கவும், நேரத்தைப் பார்க்கவும், புரியாததை எழுந்து கேட்கவும் இங்கே பழகாத பிள்ளை அங்கே முதல் மாதத்திலேயே தடுமாறுகிறது.

மூன்று பெண்களின் அம்மா

ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். இங்கே அறிவுரை கேட்டு யாரும் எழுதவில்லை. கூட்டத்தில் எழுந்து கேளுங்கள் என்கிறீர்கள். சில விஷயங்களைக் கூட்டத்தில் எழுந்து கேட்க எந்தத் தாய்க்கும் வாய் வராது.

என் இரண்டாவது மகளின் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கழிவறைக்குப் போக ஓர் அட்டை உண்டு. அட்டை ஒன்றுதான்; ஒருவர் திரும்பி வந்த பிறகே அடுத்தவர் போக முடியும்; ஓய்வு நேரம் முடிந்த அடுத்த பாடத்தில் அட்டை கொடுக்கப்படாது. விளையாடப் போகிறவர்களைத் தடுக்க அதுவே வழி என்று காரணமும் சொன்னார்கள். அவளுக்கு முதன்முறையாக மாதவிலக்கு வந்தது அந்தப் பாடத்தில்தான். வகுப்பில் இருந்தவர் ஆண் ஆசிரியர். அவள் கையைத் தூக்கினாள், அவர் விதிப்பலகையைச் சுட்டிக்காட்டினார், அவள் கையை இறக்கிக்கொண்டாள். அந்தப் பாடமும் அடுத்த பாடமும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளி முடிந்து நான் போனபோது வகுப்பில் அவளும் அவளுடைய தோழியும் மட்டும் இருந்தார்கள். தோழி தன் விளையாட்டுச் சட்டையை அவள் இடுப்பில் கட்டிவிட்டு, நாற்காலியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோழிக்கு அன்று வேனும் போய்விட்டது.

ஆசிரியர் கெட்டவர் அல்லர். தெரிந்திருந்தால் உடனே அனுப்பியிருப்பார். பத்து, பதினொரு வயதுப் பெண் பிள்ளை அதை எப்படித் தெரிவிப்பாள் என்று விதி எழுதிய எவரும் யோசிக்கவில்லை என்பதே என் குறை.

வகுப்பாசிரியை, பேராக்

அம்மா, எங்கள் வகுப்பிலும் அதே அட்டை உண்டு. இவ்வளவு நாளும் அது இருப்பது நல்லதென்றே வாதாடியிருக்கிறேன். அடுத்த வாரம் மாணவர் நலப் பிரிவின் துணைத் தலைமையாசிரியரிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கப்போகிறேன். நான்காம் ஆண்டு முதல் பெண் பிள்ளைகள் காரணம் சொல்லாமலும் அட்டை இல்லாமலும் வெளியே செல்லலாம் என்பது ஒன்று. நூலகத்தில் பெண் ஆசிரியர் பொறுப்பில் அணையாடையும் மாற்றுப் பாவாடையும் வைத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. வேன் ஓட்டும் அண்ணன் கேட்ட வாயிற்கதவுப் பிரச்சினையைப் பொறுத்தவரை நான் உடன்படவில்லை: மழை நாளுக்கு விலக்குக் கொடுத்தால் வெயில் நாளிலும் எல்லாருக்கும் மழைதான் பெய்யும். வேன் தாமதமானால் ஓட்டுநரே அலுவலகத்துக்கு அழைத்துச் சொல்லலாம். அப்போது பிள்ளைகளின் பெயரை எழுத வேண்டியதில்லை.

பள்ளி வேன் ஓட்டுநர்

அலுவலகம் எட்டு மணிக்குத்தான் திறக்கிறது, டீச்சர்.