மறு: பியானோவின் நடு மிதிக்குத் தமிழ்ச் சொல்

> சாஸ்டெனூட்டோ பெடல் = நீட்டொலி மிதி

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் நடு மிதிக்கு (சாஸ்டெனூட்டோ பெடல்) இருக்கும் 'நீட்டொலி மிதி' வலது மிதிக்குத்தான் பொருந்தும். அதை மிதித்தால் அடக்கிகள் (கம்பியில் படிந்து ஒலியை நிறுத்தும் மெத்தைகள்) எல்லாமே கம்பியை விட்டு எழும்பும். எந்தக் கட்டையை அடித்தாலும் ஒலி நீளும். நடு மிதியோ, மிதிக்கும் நொடியில் ஏற்கெனவே எழும்பி நிற்கும் அடக்கிகளை மட்டும் விழாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே குறுக்காக ஒரு தண்டு. மிதித்ததும் அது சற்றே திரும்பி, எழும்பிய அடக்கிகளின் நாக்குகளுக்கு அடியில் விளிம்பைக் கொடுக்கிறது. ஆகவே 'பிடிமிதி'.

இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பேரியோவின் தனிப் பியானோ ஆக்கம் 'செக்வென்ட்ஸா 4' (1965–66) பற்றித் தமிழில் எழுதிப் பார்த்தால் இந்தச் சொல் இல்லாமல் நகர முடியாது. பிடித்து வைத்த சுரக்கூட்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஓர் அடுக்கு, அதன் மேல் வெட்டி வெட்டி ஓடும் சுரங்கள் இன்னோர் அடுக்கு. கட்டைகளை அழுத்தியபடியே மிதிக்க வேண்டும். விரலை எடுப்பது அதற்குப் பிறகுதான். முந்தி எடுத்தால் எதுவும் பிடிபடாது. வலது மிதி அப்போது கீழே இருந்தாலோ அத்தனை அடக்கியும் மாட்டிக்கொண்டு ஒரே இரைச்சல்.

---

> ஆகவே 'பிடிமிதி'

எனக்குச் சம்மதம். முன்பு ஒருவர் சொன்ன 'கார்வை மிதி' வேண்டாம். கர்நாடக இசையில் சுரத்தை நீட்டும் கார்வைக்கு அட்சரக் கணக்கு (தாள அளவு) உண்டு. இங்கே ஒலி தானாகத் தேய்ந்து அடங்குகிறது.

பிடித்த கம்பிகள் அடிபடாமலே மற்றச் சுரங்களுக்கு அதிர்கின்றனவே, அதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூலின் 'ஒத்ததிர்வு' இருக்கிறது. இலங்கையில் 'பரிவு' என்பார்கள். இசைக்கு அதுதான் அழகு என்பது என் கட்சி.

கட்டையை ஓசையின்றி அழுத்துவதற்கு 'ஊமையழுத்து' என்று வைக்கலாம். இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் பியானோத் துண்டுகளான ஓப்பஸ் 11-இல், முதல் துண்டிலேயே (1909) வருகிறது. மெல்ல அழுத்தினால் அடக்கி எழும்பும், சுத்தியல் கம்பியை எட்டாது. அவசரப்பட்டால் ஒலித்துவிடும். ஊமையழுத்தில் பிடித்ததைப் பிடிமிதிக்கு மாற்றிவிட்டால் இரு கையும் விடுபடும்.

---

பட்டியலில் 'பிடிமிதி'க்கான குறிப்பில் மூன்று விலக்குகளையும் சேர்க்கவும். மேல் ஒன்றரை ஸ்தாயி அளவுக்கு அடக்கிகளே கிடையாது. அங்கே பிடிமிதிக்கு வேலையில்லை. நிமிர்பியானோக்கள் (கம்பிகள் செங்குத்தாக நிற்பவை) பலவற்றில் நடு மிதி, சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே துணிப்பட்டையை இறக்கும் பயிற்சி மிதி மட்டுமே. அதில் பேரியோ நடக்காது. பிடித்தபின் புதிதாக அடிக்கும் சுரங்களும் ஒட்டிக்கொண்டால் வாசிப்பவர் மேல் பழி இல்லை, நாக்குகள் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள்.

மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறையான மிடியிலும் (MIDI) வலது மிதிக்கு 64, நடு மிதிக்கு 66, இடது மிதிக்கு 67 என்று தனித்தனி எண். இடதுக்கு 'ஒருகம்பி மிதி' என்று பட்டியலில் இருப்பதை நீக்கலாம். இன்றைய கிராண்ட் பியானோவில் அது சுத்தியல் வரிசையைச் சற்றே நகர்த்தி, ஒரு சுரத்துக்குரிய மூன்று கம்பியில் இரண்டை அடிக்க வைக்கிறது. 'நகர்மிதி' போதும்.