மறு: ‘டெப்ரிகேட்டட்’ – ‘நீக்கப்பட்டது’ வேண்டாம், ‘நீங்குமுகம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘டெப்ரிகேட்டட்’ (deprecated) என்றால், இன்னும் வேலை செய்யும், ஆனால் இனிமேல் தவிருங்கள் என்று மென்பொருள் செய்கிறவர் அறிவித்தது. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இரண்டு வாரமாகப் படித்து வருகிறேன். நேற்று முன்தினம் வேலையிடத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கருத்து அதிலிருந்து வந்ததுதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாக ஆலை. கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடுகிறது. போன சனி, ஞாயிறில் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். திரைகள் எல்லாம் தமிழில் வருவது இந்தப் பதிப்பில்தான் முதல்முறை. சரக்கு வந்ததும் ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு) போடும் பழைய திரை அப்படியே வேலை செய்தது. அதற்குப் பதிலாக ஒரு புதிய திரையும் வந்திருந்தது. அதற்கான பயிற்சி அடுத்த வாரம். பழைய திரையின் தலைப்பில் மஞ்சள் பட்டை ஒன்று: “இந்த வசதி நீக்கப்பட்டது.” ஆங்கில மூலத்தில் இருந்தது ‘டெப்ரிகேட்டட்’.

ஸ்டோர் பொறுப்பாளர் அதைப் படித்தார், திரையை மூடினார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வந்த லாரி எண், டிசி (சரக்கோடு வரும் டெலிவரி சலான்) எண், எடை எல்லாவற்றையும் ஒரு நீளநோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கணக்குப் பிரிவில் சரக்கு வந்ததற்கே பதிவு இல்லை, அதனால் சப்ளையர்களுக்குப் போக வேண்டிய பணம் நின்றது. புதன் மாலை நான் போனபோது நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து, “நீக்கிட்டோம்னு நீங்கதானே சார் போட்டிருக்கீங்க?” என்றார். அந்தச் சரத்துக்கு (திரையில் வரும் வாசகத்துக்கு) ஒப்புதல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அவர் படித்தது சரி, நாங்கள் எழுதியதுதான் தவறு. நானும் அவரும் இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்து அறுபத்துச் சொச்சம் வரவுகளையும் அதே பழைய திரையில் ஏற்றினோம். அது ஒரு குறையும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

அதனால்தான் இந்தச் சொல்லில் எனக்கு இவ்வளவு அக்கறை. இனி நண்பர்கள் முன்வைத்தவற்றுக்கு வருகிறேன்.

> ‘நீக்கப்பட்ட’ என்றே வைத்துக்கொள்ளலாம். எப்படியும் ஒருநாள் நீக்கத்தானே போகிறார்கள்?

அந்த ‘ஒருநாள்’ எவ்வளவு நீளம் என்று பாருங்கள். ஜாவா என்ற நிரல்மொழியோடு சேர்ந்து வந்த நாஸ்ஹார்ன் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் பகுதி) 2018இல் 11ஆம் பதிப்பில் இந்த நிலைக்கு வந்தது, 2020இல் 15ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. இரண்டு ஆண்டு. இன்னொரு பக்கம், அதே ஜாவாவில் தேதியிலிருந்து ஆண்டை எடுத்துத் தரும் பழைய செயற்கூறு 1997இலேயே, 1.1ஆம் பதிப்பில், ‘டெப்ரிகேட்டட்’ ஆகிவிட்டது. இன்றும் ஓடுகிறது. அதை ‘நீக்கப்பட்டது’ என்றால் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

திரும்பி வந்தவையும் உண்டு. சூழல் மாறிகளை (இயங்குதளம் நிரலுக்குத் தரும் மதிப்புகளை) படித்துத் தரும் ஜாவாவின் ‘கெட்என்வ்’ முதலில் ‘டெப்ரிகேட்டட்’ ஆனது. 2004இல் ஜாவா 5 வந்தபோது மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ‘நீக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தால் அதை எந்தச் சொல்லால் மீட்டிருப்போம்?

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் வந்ததும் இல்லை. செயலிகளைப் பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் மென்பொருளின் 1.20ஆம் பதிப்பு 2020 டிசம்பரில் வெளிவந்தபோது, அதை டாக்கர் என்ற மென்பொருளோடு இணைக்கும் ‘டாக்கர்ஷிம்’ டெப்ரிகேட்டட் என்று அறிவித்தார்கள். நாளைக்கே டாக்கர் வேலை செய்யாது என்று பலர் பதறிப்போனார்கள். ‘பதற வேண்டாம்’ என்று தலைப்பிட்டே அந்தத் திட்டத்தினர் விளக்கம் எழுத வேண்டி வந்தது. உண்மையில் அது நீக்கப்பட்டது 2022 மே மாதம், 1.24இல். ஆங்கிலமே புழங்குகிறவர்களுக்கு அந்த நிலை என்றால் நம் சொல் இன்னும் தெளிவாக இருக்க வேண்டும்.

> மதிப்பிழப்பு / மதிப்புநீக்கம்

2016க்குப் பிறகு ‘மதிப்பிழப்பு’ என்றதும் யாருக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளும் வங்கி வரிசையும்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘டெப்ரிகேஷன்’, ‘டெப்ரிசியேஷன்’ இரண்டும் வேறு வேறு சொற்கள். இரண்டாவது கணக்கில் வரும் தேய்மானம். நிறுவன மென்பொருளில் சொத்துப் பதிவேட்டுத் திரையில் தேய்மானமும் இருக்கும், அதே திரையின் ஒரு பொத்தான் ‘டெப்ரிகேட்டட்’ ஆகவும் இருக்கும். விலைமதிப்பைத் தொடும் எந்தச் சொல்லை எடுத்தாலும் அங்கே கணக்காளர் தடுமாறுவார். இலத்தீனில் முதற்சொல்லின் வேருக்கு ‘வராதே என்று வேண்டித் தடுத்தல்’ என்று பொருள். விலையோடு அதற்கு உறவே இல்லை.

> நன்னூலின் உத்திகளில் ‘இறந்தது விலக்கல்’ உண்டு. ‘விலக்கப்பட்ட’ என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் எது?

அம்மா, இந்த எடுத்துக்காட்டைப் படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன். அடுத்து வரும் ‘எதிரது போற்றல்’ என்பதையும் சேர்த்துப் படித்தால் மேம்படுத்தல் என்ற வேலைக்கே நாலு சொல்லில் விளக்கம் கிடைத்துவிடுகிறது. எங்கள் குழுவின் பலகையில் எழுதி வைத்துவிட்டேன். ஆனால் ‘விலக்கு’ இன்று வேறு வேலைகளில் இறங்கிவிட்டது. வரிவிலக்கு, மதுவிலக்கு, விதிவிலக்கு. ஜிஎஸ்டி திரையில் ‘விலக்கு’ என்றால் வரி இல்லை என்று பொருள். அதன் பக்கத்திலேயே ‘விலக்கப்பட்ட புலம்’ என்று போட்டால், இந்தப் புலத்துக்கு வரி கிடையாதோ என்றுதான் படிப்பார்கள். ‘தடை செய்யப்பட்டது’ என்று எடுத்துக்கொள்கிறவர்களும் இருப்பார்கள்.

> வழக்கொழிந்த

நல்ல சொல், ஆனால் அடுத்த படிக்கு உரியது. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழிக்கு 1999இல் வந்த 4.01 வரையறை இரண்டையும் பிரித்தே வைத்தது. முதல் வகை: புதிய முறை வந்துவிட்டது, பழையதைத் தவிருங்கள், ஆனால் உலாவிகள் பழைய பக்கங்களுக்காக அதைத் தொடர்ந்து தாங்க வேண்டும். எழுத்துரு, நடுச்சீர்மை ஒட்டுகள் (டேக்) அந்த வகை. இரண்டாவது வகைக்கு எந்த உலாவியிலும் உத்தரவாதம் இல்லை. ‘வழக்கொழிந்த’ இந்த இரண்டாவதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். முதல் வகைக்குக் கொடுத்துவிட்டால் இரண்டாவதற்குச் சொல் இல்லாமல் நிற்போம்.

நம் எழுத்திலேயே இரண்டு படியையும் பார்த்திருக்கிறோம். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது பழைய லை, னை, றா வடிவங்களை யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. பாடநூல் மாறியது, பழைய புத்தகங்கள் அப்படியே இருந்தன. என் பாட்டி கடைசிவரை கடிதத்தில் தும்பிக்கை போட்ட பழைய லைதான் எழுதினார். அஞ்சல்காரர் முதல் பேரன்வரை எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் அவர் தன் பேரனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. ‘இருப்பது இருக்கட்டும், புதிதாகத் தொடங்காதே’ என்கிற அந்த இடைநிலைக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். வழக்கொழிதல் அதற்குப் பிறகு வருவது.

சென்னைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்து உதாரணம் கோயம்பேடு பேருந்து நிலையம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறந்தார்கள், தென்மாவட்டப் பேருந்துகள் படிப்படியாக அங்கே மாறின. கோயம்பேட்டை இடிக்கவில்லை, பூட்டவும் இல்லை. ஆனால் திருநெல்வேலிக்குப் போகிறவர் இனிமேல் பெட்டியோடு அங்கே போய் நிற்கக் கூடாது. அந்த மாதங்களில் ‘கோயம்பேடு மூடப்பட்டது’ என்று பலகை வைத்திருந்தால் அது தவறு. ஒன்றுமே வைக்காமல் விட்டிருந்தாலும் தவறு.

சரி, என் முன்மொழிவு: நீங்குமுகம்.

ஏறுமுகம், இறங்குமுகம் என்று தங்கம் விலை பேசும்போது தினமும் சொல்கிறோம். யாருக்கும் அகராதி தேவையில்லை. அதே அச்சில் நீங்குமுகம்: போகிற திசையில் இருக்கிறது, இன்னும் போகவில்லை. நீங்கு தன்வினை, நீக்கு பிறவினை. அந்த ஒரே எழுத்து வேறுபாட்டில் இரண்டு படிகளும் அமைந்துவிடுகின்றன. இப்போது நீங்குமுகம், பிற்பாடு நீக்கம். ஒரே வேரிலிருந்து வருவதால் படிக்கிறவருக்குத் தொடர்பும் தெரியும், வேறுபாடும் தெரியும். வினைத்தொகை என்பதால் காலம் உள்ளே மறைந்து நிற்கிறது. எந்தப் பதிப்பைப் பற்றிப் பேசினாலும் சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

சேர்த்து எழுதிப் பார்த்தேன். நீங்குமுக எச்சரிக்கை, நீங்குமுகக் கூறுகள், நீங்குமுகப் பட்டியல். வாய்விட்டுச் சொல்லும்போது எங்கும் இடறவில்லை. ‘முகமா, மூஞ்சியா’ என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். துறைமுகம், கழிமுகம், அறிமுகம் என்று முகம் நம்மிடம் எத்தனையோ இடத்தில் வாயிலாகவும் திசையாகவும் நிற்கிறது, அந்தக் கவலை வேண்டாம்.

அன்புடன், கிண்டியிலிருந்து.

---

மறு: மறு: ‘டெப்ரிகேட்டட்’

> சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்களே சொன்ன 1997 செயற்கூறு இன்னும் நீங்கவில்லையே? நீங்காததை ‘நீங்குமுகம்’ என்றால் அதுவும் பொய்தானே?

ஐயா, இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே இதுதான் கடினமானது. இரண்டு நாள் யோசித்தேன்.

சந்தை ஏறுமுகத்தில் இருக்கிறது என்றால் இத்தனை புள்ளியைத் தொடும் என்று யாரும் உறுதி தருவதில்லை. முகம் திசையை மட்டும் சொல்கிறது, சேரும் நாளைச் சொல்வதில்லை. மென்பொருள் செய்கிறவரும் அவ்வளவுதான் சொல்கிறார்: எங்கள் நோக்கு இதிலிருந்து விலகிவிட்டது, நீங்களும் விலகத் தொடங்குங்கள். அப்புறம், இந்தச் சிக்கலை ஜாவாக்காரர்களே உணர்ந்துதான் 2017இல், 9ஆம் பதிப்பில், இதை இரண்டாகப் பிரித்தார்கள். சாதாரண அறிவிப்பு ஒன்று, ‘நிச்சயம் எடுத்துவிடுவோம்’ என்ற குறி வைத்த அறிவிப்பு இன்னொன்று. இரண்டாவதை ‘நீங்குமுகம் – நீக்கம் உறுதி’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம். இதற்கென்று தனிச்சொல் உருவாக்க வேண்டாம். எச்சரிக்கைப் பட்டையில் மூன்று சொல் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

மேம்படுத்தும் வேலையில் இந்தப் பிரிவு எவ்வளவு முக்கியம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். பழைய பதிப்பிலிருந்து புதியதற்குத் தாவும் முன் எச்சரிக்கைப் பட்டியலை எடுத்தால் சில சமயம் ஆயிரக்கணக்கில் வரும். அவ்வளவையும் யாரும் திருத்த முடியாது, அதனால் ஒன்றையும் திருத்தாமல் விட்டுவிடுகிறார்கள். ஜாவா 8இலிருந்து நேராக 11க்குப் போனவர்கள் பலருக்கு எக்ஸ்எம்எல் தரவை ஜாவாப் பொருள்களாக மாற்றித் தரும் ஜேஏஎக்ஸ்பி (JAXB) காணாமல் போய், காலையில் சேவையகம் எழவே இல்லை. 9ஆம் பதிப்பிலேயே ‘நீக்கம் உறுதி’ குறி வைத்துவிட்டார்கள். இடையில் இருந்த பதிப்புகளைத் தாண்டிப் போனதால் எச்சரிக்கை அவர்கள் கண்ணில் படவே இல்லை. முதலில் ‘நீக்கம் உறுதி’ என்பவற்றை மட்டும் வடிகட்டி முடித்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்க்கலாம். தமிழ் இடைமுகத்திலும் அந்த வடிகட்டல் நடக்க வேண்டுமானால் இரண்டும் கண்ணால் பார்த்தே பிரியும்படி இருக்க வேண்டும்.

அம்பத்தூரில் இப்போது மஞ்சள் பட்டையை இப்படி மாற்றியிருக்கிறோம்:

“இந்தத் திரை நீங்குமுகத்தில் உள்ளது. இப்போதைக்கு வழக்கம்போல் பயன்படுத்தலாம். அடுத்த பதிப்பில் இருக்காது. புதிய வரவுத் திரையைப் பழகிக்கொள்ளுங்கள்.”

ஸ்டோர் பொறுப்பாளரிடம் காட்டி, இதைப் படித்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். “இன்னிக்கு லாரிக்கு இதுலயே போட்டுடுவேன். சனிக்கிழமை அந்தப் புதுசைக் கொஞ்சம் காட்டிக் கொடுங்க” என்றார். நீங்குமுகம் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை.

வினை வடிவம் ஒன்றுதான் பாக்கி. ‘நீங்குமுகமாக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது கொஞ்சம் முரடாகக் கேட்கிறது. ‘நீங்குமுகத்தில் வை’ என்றால் மீட்கும்போதும் ‘நீங்குமுகத்திலிருந்து எடு’ என்று சுலபமாகச் சொல்லலாம், கெட்என்வுக்கு நடந்தது போல. மறுப்பு இருந்தால் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள். வெள்ளி காலை சரங்களை மென்பொருளின் கோப்புக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும்.