போர்முனையில் கவிதை படித்த சிப்பாய்கள்: கடிதங்கள் எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். போர்க் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். கவிஞர்களைப் பற்றி நிறையக் கிடைக்கிறது, ஆனால் எனக்கு வேண்டியது அதைப் பதுங்குகுழியில் உட்கார்ந்து படித்த சாதாரண சிப்பாய் என்ன சொன்னான் என்பதுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது, சோவியத் கவிஞர் சிமோனவின் 'எனக்காகக் காத்திரு' என்ற கவிதை 1942 ஜனவரியில் பிராவ்தா நாளிதழில் வந்ததும் சோவியத் வீரர்கள் அதை வெட்டியெடுத்து வைத்துக்கொண்டார்கள், கையால் எழுதி வீட்டுக்கும் அனுப்பினார்கள். இன்னொரு சோவியத் கவிஞர் த்வார்தோவ்ஸ்கி, ஒரு சாதாரண சிப்பாயை நாயகனாக வைத்து எழுதிய 'வசீலி தியோர்கின்' என்ற நெடுங்கவிதையின் விஷயம் இன்னும் சுவையானது: போர்முனைப் பத்திரிகையில் அது பகுதி பகுதியாக வர வர, படித்தவர்கள் கவிஞருக்குக் கடிதம் போட்டதோடு நிற்காமல் தாங்களே தொடர்ச்சியும் எழுதி அனுப்பினார்கள் (ஒரு கவிஞனுக்கு இதைவிட நல்ல விமர்சனம் கிடைக்குமா என்ன!). அதற்கு முன்பே, முதல் உலகப் போரில், 1916இல், பெல்ஜியத்தின் ஈப்ரே நகரப் பக்கம் பிரிட்டிஷ் வீரர்கள் தாங்களே அச்சடித்த வைப்பர்ஸ் டைம்ஸ் என்ற பத்திரிகை, வந்து குவிகிற கவிதைகள் தாங்கவில்லை என்று படையினரையே கிண்டலடித்தது.

சரி, கேள்வி இதுதான். தியோர்கினுக்கு வந்த கடிதங்கள் தமிழிலோ ஆங்கிலத்திலோ எங்காவது வந்திருக்கிறதா? அப்புறம், முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் எழுதி, தணிக்கையில் படியெடுக்கப்பட்ட கடிதங்களில் கவிதை வரிகள் வரும் இடங்களை யாராவது குறித்து வைத்திருந்தால் சொல்லுங்கள். விமர்சகர்களின் ஆய்வு வேண்டாம், படித்தவனின் வார்த்தை போதும்.